இன்கமிங்குக்குக் காசு கிடையாது

இன்டர்நெட் பில் வந்த அன்று வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா இல்லை, சிமெண்ட் கம்பெனியில் லோடு ஏற்றப் போயிருந்தார். அண்ணனும் இல்லை, அவன் ஷார்ஜாவில் சாரத்திலிருந்து விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு ரூமில் படுத்திருந்தான். ஆனால் அவனை முழுக்க இல்லையென்றும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் திரையில் தலையணையில் சாய்ந்தபடி, அம்மா வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தபால்காரர் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் நின்றே பிரித்தேன். அதற்கு முந்தைய மாதங்களில் முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். இந்தத் தடவை பதினோராயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு என்று போட்டிருந்தது. புள்ளி எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது.

"என்னடா தம்பி பேப்பரு?" என்று ஸ்பீக்கரில் அண்ணன் குரல் கேட்டது. கேமரா நேராக வாசலைப் பார்த்தபடி இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஹால் டிக்கெட்டுண்ணே. குரூப் எக்ஸாமுக்கு."

"அதுக்கு ஏண்டா மூஞ்சி இப்படிப் போவுது? நல்லா எழுதுவடா."

பேப்பரை மடித்து சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். நெஞ்சில் அது உரசிக்கொண்டே இருந்தது. அந்த மாதம் அவனுக்குச் சம்பளம் கிடையாது. வேலை செய்தால்தான் காசு. கால் எலும்பு சேர இன்னும் நாள் ஆகும், அதுவரை ஊன்றவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். பில் விஷயம் தெரிந்தால் அவன் என்ன செய்வான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டோடு சாரத்தில் ஏறிவிடுவான். அவனுக்குத் தெரியாமல் இதை முடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் புத்தியில் ஓடியது.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அரியலூர் ஓரத்தில் காலனியில் குடியிருந்தோம். அப்போது அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான்தான். பரீட்சை முடிவு, வேலை அறிவிப்பு எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வருகிறது என்று நான் சொல்லப்போய், அண்ணன் திருச்சியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கப் பணம் அனுப்பினான். இன்டர்நெட் கனெக்‌ஷனை அப்பா பேரில் எடுத்தோம். ரேகை வைத்தது அப்பா, படித்துப் பார்த்தது நான். படித்துப் பார்த்தேன் என்பதும் பாதி உண்மைதான். கனெக்‌ஷன் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். அதில் பெரிய எழுத்தில், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் என்று இருந்தது. கீழே எறும்பு வரிசையில், நியாயமான பயன்பாட்டு அளவுக்கு உட்பட்டது என்று இருந்தது.

"நியாயமான அளவுன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சினிமாப் படம் எறக்கி விக்கிறவனுக்கு தம்பி. நீங்க பரீட்சை ரிசல்ட் பாக்கறவங்க. உங்களுக்கு எங்க அளவு தாண்டப் போவுது?"

அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. படித்தவன் இதைக்கூடக் கேட்கிறானே என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

அண்ணன் விழுந்த பிறகுதான் கேமரா வாங்கினேன். அவனோடு ரூமில் இருந்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் பாய். அவருடைய கம்ப்யூட்டரைக் கட்டில் பக்கத்தில் திருப்பி வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் போனுக்கு ஒரு முறை உண்டு. அண்ணனிடம் பேச வேண்டுமென்றால் மிஸ்டு கால் கொடுப்போம்; அவன் திருப்பிக் கூப்பிடுவான். கூப்பிட்டவனுக்குத்தான் காசு, எங்களுக்கு இன்கமிங். கல்ஃபில் ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் இதுதான் முறை. அதையே கம்ப்யூட்டருக்கும் வைத்துக்கொண்டோம். நான் மிஸ்டு கால் கொடுப்பேன், அண்ணன் அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவான், நான் எடுப்பேன். எங்களுக்கு ஒரு பைசா கிடையாது, பாய் கம்ப்யூட்டரில் மாதத்துக்கு ஒரே பணம் என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா அதைத் தெருவில் நாலு வீட்டுக்குச் சொன்னார்.

அப்புறம் கம்ப்யூட்டரை யாரும் நிறுத்தவில்லை. அம்மா அதை அடுப்பங்கரையும் வாசலும் தெரியத் திருப்பிவைத்தார். காலையில் கோழி திறந்துவிடுவதிலிருந்து அண்ணன் எங்களோடு இருந்தான். அவன் தட்டில் சோறு போட்டுத் தின்பதைப் பார்த்த பிறகுதான் அம்மா உலையை இறக்குவார். "பெரியவனே, அந்தக் கறிய ஒதுக்காத, தின்னுடா" என்று திரையைத் திட்டுவார். மோடத்தில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அது சிமிட்டினால் அண்ணன் விழித்திருக்கிறான் என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு.

பில் வந்த மறுநாள் காலையில் அரியலூர் டெலிபோன் ஆபீஸ் கவுண்ட்டருக்குப் போனேன். தப்பாக வந்திருக்கிறது என்று சொன்னேன். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தப்பெல்லாம் இல்ல. அளவுக்கு மேல போனா எம்.பி.க்கு ரெண்டு ரூவா. நல்லா ஓட்டியிருக்கீங்களே, வூட்டுல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க சார். எங்கண்ணன்தான் அங்கேருந்து கூப்பிடுவாரு. எங்களுக்கு இன்கமிங்தான்."

அவர் பக்கத்து சீட்டுக்காரரைத் தட்டிக் கூப்பிட்டார். "இன்கமிங்காம்ப்பா!" பிறகு என்னிடம், "தம்பி, இதுல இன்கமிங் அவுட்கோயிங் எல்லாம் கிடையாது. அவங்க மூஞ்சி இங்க வர்றதும் ஓடும், உங்க மூஞ்சி அங்க போறதும் ஓடும். ரெண்டு பக்கமும் மீட்டர்" என்றார்.

"கட்ட முடியலன்னா சார்?"

"லைன் கட்டாவும். அப்புறம் தாலுகா ஆபீஸுக்கு எழுதிருவாங்க. ஜப்தி மாதிரி."

மாதிரி என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கல்லூரியில் நுகர்வோர் தின விழாப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான். ஆறு உரிமைகளையும் மேடையில் விரல் விட்டு எண்ணிக் கை தட்டல் வாங்கினேன். அந்த ஆறில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயந்திரம் அப்பா வந்து கை கால் கழுவியதும் சொன்னோம். கம்ப்யூட்டரை நிறுத்திவைத்துவிட்டுத்தான் சொன்னோம். அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொகையைக்கூடக் கேட்கவில்லை. "யாரு பேர்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க பேர்லதாம்ப்பா."

"ஜப்தின்னு சொன்னானா?"

"மாதிரின்னு சொன்னாரு."

அப்பா எழுந்து போய் சுத்தியலும் கடப்பாரையும் எடுத்துவந்தார். அம்மா பயந்து என் பின்னால் வந்து நின்றார். அப்பா வாசல் கதவின் கீலில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பத் தொடங்கினார்.

அப்பா சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா சொசைட்டியில் ஆட்டு லோன் வாங்கியிருந்தார். ஆடுகள் நோயில் செத்துப்போயின. ஜீப்பில் வந்தவர்கள் அண்டாவையும் கதவையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த மழைக்காலம் முழுக்க வாசலில் சாக்குதான் தொங்கியது. நாய் உள்ளே வந்து சோற்றுப் பானையில் வாய் வைத்ததை அப்பா ஒரே ஒரு தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறார். இந்தக் கதவு அண்ணனின் முதல் சம்பளத்தில் செய்தது. வேம்பு. மேல்பக்கம் ஒரு தாமரை செதுக்கியிருக்கும்.

"ஏங்க, என்னாங்க பண்றீங்க?" என்றார் அம்மா.

"கதவு இருந்தாத்தான எடுப்பான்."

"கம்ப்யூட்டர எடுக்க மாட்டானா?"

அப்பா நெம்புவதை நிறுத்தி உள்ளே திரும்பிப் பார்த்தார். "அது நெட்டுக்காரங்களோடதுதான்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு மறுபடி நெம்பினார். ஒரு பக்கச் சட்டம் பிளந்துகொண்டது. கதவைச் சைக்கிளில் கட்டி, கூட வேலை செய்பவர் வீட்டில் கொண்டுபோய் சாத்திவைத்துவிட்டு வந்தார். வாசலில் அம்மாவின் பழைய சேலை ஒன்று தொங்கியது. காற்றில் அது உள்ளே புடைக்கும்போதெல்லாம் யாரோ வந்துவிட்டார்கள் என்று நான் எழுந்திருப்பேன். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிடுவார்.

அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"ஏம்மா ஆன்லைன்ல வரல?"

"கரெண்டு இல்லடா."

"நேத்தும் கரெண்டு இல்லன்ன."

"இங்க என்னா உங்க ஊரா? வந்தா வரும், போனா போவும். நீ சாப்பிட்டியா? கால கீழ வச்சியா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத அம்மா, போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரம்பலூரில்தான் பெரிய அதிகாரி இருக்கிறார், அங்கே போய் எழுதிக் கொடுக்கலாம் என்று தெரிந்தது. நான் தனியாகப் போகிறேன் என்றேன். "பேரு என்னுதுடா" என்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா தயிர் சோறு கட்டிக் கொடுத்தார். குன்னம் தாண்டும் வரை சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்த அப்பா திடீரென்று, "அங்கயே புடிச்சி வச்சிக்குவாங்களாடா?" என்றார்.

"அதெல்லாம் செய்ய மாட்டாங்கப்பா" என்றேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

அதிகாரி ஒரு அம்மா. மேஜைக்கு எதிரே நாற்காலி இருந்தது. நாங்கள் உட்காரவில்லை. நான் பில்லை நீட்டினேன். பேச ஆரம்பித்ததும் குரல் என்னுடையதாக இல்லாமல் போட்டிக் குரலாகிவிட்டது. "மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களே! நுகர்வோருக்கு ஆறு உரிமைகள் உண்டு. ஒன்று, பாதுகாப்புப் பெறும் உரிமை. இரண்டு, தகவல் பெறும் உரிமை. மூன்று..." அறையில் எல்லோரும் பேனாவை வைத்துவிட்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது எனக்கு வரவில்லை.

அப்பா முன்னால் வந்தார். பையிலிருந்து சோற்று டப்பாவை எடுத்து அந்த அம்மாவின் மேஜைமேல் வைத்தார்.

"நல்லாத்தாம்மா பேசுவான். இந்த டப்பா பேசி வாங்குனதுதான். இன்னிக்குப் பயத்துல வரல."

அந்த அம்மா டப்பாவைத் திருப்பி மூடியில் வெட்டியிருந்ததைப் படித்தார். நுகர்வோர் தின விழா, பேச்சுப்போட்டி, முதல் பரிசு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் உக்காருங்க. இதுல சோறு இருக்கு, எடுத்துக்குங்க. மேடையில பேசற மாதிரி வேணாம் தம்பி. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கால், மாவுக்கட்டு, மிஸ்டு கால், இன்கமிங், ஏஜெண்டு சொன்னது எல்லாம். அவர் இன்கமிங் என்ற இடத்தில் சிரிக்கவில்லை.

"தினம் எவ்வளவு ஓடியிருக்குன்னு நீங்களே பாக்கலாமே. அதுக்கு ஒரு பக்கம் இருக்கு. பாஸ்வேர்டு இருக்குமே?"

"எங்களுக்குக் குடுக்கலைங்க மேடம். அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

"யாரும் சொல்லல?"

"இல்லைங்க. அதுதாங்க ரெண்டாவது." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. "தகவல் பெறும் உரிமை."

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "அத எழுதுங்க. ஓடல, பில்லு தப்புன்னு எழுதாதீங்க, ஓடியிருக்கு. அளவு என்னன்னு சொல்லல, பாக்க வழி காட்டல, அளவு தாண்டினப்ப எச்சரிக்கல. இத எழுதுங்க. முழுசும் போவும்னு நான் சொல்ல மாட்டேன். பதில் வர்ற வரைக்கும் லைன கட் பண்ண மாட்டாங்க." அப்பாவைப் பார்த்து, "வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்கய்யா" என்றார்.

"அத எழுதிக் குடுப்பீங்களாம்மா?" என்றார் அப்பா.

புகார் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆபீஸ் முத்திரை குத்திக் கொடுத்தார். பாஸ்வேர்டும் வாங்கித் தந்தார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தயிர் சோற்றைச் சாப்பிட்டோம். இனிமேல் கதவை மாட்டலாமே என்றேன். அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பதிலு வரட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புது மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அளவுக்குள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தினமும் கொஞ்ச நேரம் அண்ணனைப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கதவு ஞாபகம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

அண்ணன் கண்ணைச் சுருக்கினான்.

"என்னாம்மா பின்னாடி இவ்வளவு வெளிச்சம்? மூஞ்சே தெரியல. கதவச் சாத்து."

அம்மா என்னைப் பார்த்தார்.

"கதவு எங்கடா தம்பி? அது என்னா, சேலையா தொங்குது?"

செல்லரித்துவிட்டது என்றேன். வேம்பில் செல் ஏறுமா என்றான். நான் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் அம்மா அழுதுவிட்டார். எல்லாம் வந்துவிட்டது. தொகை, ஜப்தி, கடப்பாரை, பெரம்பலூர். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கோபப்பட்டால் எனக்குப் பயம் இருந்திருக்காது. அமைதியாகக் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான்.

"என்னாலதான வந்துச்சு. கட்டு பிரிக்க நாளு கெடக்கு. போர்மேன்கிட்ட சொல்லிட்டு நாளைக்கே போறேன். ஒக்காந்து கம்பி கட்டற வேலை குடுப்பான்."

"அவன் மேலதாண்டா ஏத்துவான்!" என்று அம்மா கத்தினார். "பெரியவனே, கால மேல வைடா! வைடா மேல!"

திரையில் மாவுக்கட்டுப் போட்ட கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மோடத்தில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. முன்பு அது அண்ணன் விழித்திருப்பதன் அடையாளம். இப்போது ஒவ்வொரு சிமிட்டலும் எனக்குக் காசாகத் தெரிந்தது. மிச்சமிருந்த அளவு தீரப் போகிறது; நிறுத்து என்று சொல்ல வேண்டும். அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்தினால் அவன் எழுந்து போய்விடுவான். நிறுத்தாவிட்டால் இன்னொரு பில். கை மோடத்தின் ஒயர் வரை போய்விட்டது.

அப்பா சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், புருவமெல்லாம் சிமெண்ட். திரையைப் பார்த்தார். என் கையையும் பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா. இன்னிக்கு, இல்லன்னா நாளைக்கு அளவு முடிஞ்சிரும். அப்புறம் காசுதான்."

"ஓடட்டும்" என்றார் அப்பா. "கைய எடு."

பிறகு கேமராவுக்கு மிக அருகில் வந்து குனிந்தார். அண்ணனுக்கு அவருடைய மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். "டேய் பெரியவனே. கட்டு பிரிக்கிற வரைக்கும் இது அணையாது. உங்கம்மா இங்கதான் ஒக்காந்திருப்பா. நீ கால ஊணுன, நான் கம்பெனிக்குப் போவ மாட்டேன், சோறு திங்க மாட்டேன். எவ்வளவு வருதுன்னு பாக்கலாம்."

அண்ணன் காலை மேலே தூக்கி வைத்தான். அழுதான் என்று நினைக்கிறேன். படம் அங்கங்கே நின்று நின்று வந்ததால் சரியாகத் தெரியவில்லை.

அப்பா அன்றைக்கே போய்க் கதவைக் கொண்டுவந்துவிட்டார், வாசல் வெளிச்சத்தில் பெரியவனுக்கு அம்மா முகம் தெரியாதே என்று. மறுநாள் ஆசாரி வந்து பிளந்த சட்டத்துக்கு ஒட்டுப்போட்டு மாட்டினார். தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பார்ப்பேன். அப்பாவிடம் சொல்வேன். "ம்" என்பார். ஒரு நாளும் நிறுத்து என்று சொல்லவில்லை. மாவுக்கட்டு பிரித்து, அண்ணன் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு ரூமுக்குள் நாலு எட்டு வைத்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அம்மா தானே எழுந்து சுவிட்சை அணைத்தார்.

பெரம்பலூரிலிருந்து பதில் வந்தது. முழுவதும் போகவில்லை. முதல் பில்லைக் குறைத்து ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது ஆக்கியிருந்தார்கள். தவணையில் கட்டலாம் என்றிருந்தது. இரண்டாவது பில் மூவாயிரத்து நூற்றிருபது. அதைப் பற்றி நாங்கள் யாரிடமும் போய்ப் பேசவில்லை. அது தெரிந்து ஓட்டியது. கீல், ஆணி, ஆசாரி கூலி இருநூற்று எண்பது. எல்லாம் சேர்த்து பத்தாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.